கழுத்துக் கட்டியும் கடை மாத்திரையும்

தாம்பரம் சானடோரியம் என்ற பெயர், 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசம் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் தாக்கும். வலியின்றி வளரும் கட்டி இரு வாரமாகியும் கரையாவிடில், ஊசியால் உறிஞ்சிச் சோதிக்க வேண்டும். காசமெனில் ஆறு மாத மருந்து பெரும்பாலும் குணப்படுத்தும்.

இன்னொரு வகை விரைந்து முற்றும். தொண்டை வலி, காய்ச்சலுடன் வாய் திறக்கவோ, எச்சில் விழுங்கவோ, கழுத்தைத் திருப்பவோ இயலாவிடில் உள்ளே ஆழத்தில் சீழ் கோத்திருக்கலாம். அது மூச்சுவழியை அடைக்கக்கூடும்; அன்றே மருத்துவமனை செல்லுங்கள். ஸ்கேன் எடுத்து இடமறிந்து, ஊசிமருந்து தருவர். தேவையெனில் சீழை வெளியேற்றுவர்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நான்கு மாத்திரைகள் காய்ச்சலைத் தணித்து நோயை மறைத்துவிடக்கூடும். அளக்காமல் விடை எழுதினால் இயற்பியல் ஆசிரியனான நான் மதிப்பெண் தருவதில்லை. உங்கள் உடலிலும் அத்தவற்றைச் செய்யாதீர்கள்!