தொடங்கும்போதே தமிழ் இருக்கட்டும்

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய மறுநாளே, செனாயிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, கணினியில தமிழைக் காணோம்!”

வீட்டிலிருந்த பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, தமிழில் தட்டச்சு செய்ய வழி செய்து கொடுத்துவிட்டு வந்திருந்தேன். தமிழ்ப்பள்ளிக் கட்டுரையை அவளும் ஆசையாகத் தட்டச்சு செய்தாள். இரவில் கணினியை அணைத்தாள். காலையில் தமிழ் போய்விட்டது.

தவறு என்னுடையதுதான். அந்தக் கணினியின் திரையையும் விசைப்பலகையையும் கவனித்துக்கொள்வது எக்ஸ் வழங்கி என்னும் மென்பொருள். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவான எக்ஸ் முறையின் வழிவந்தது. அதற்கு இரண்டு வழிகளில் நம் விருப்பத்தைச் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘செட்எக்ஸ்கேபிமேப்’ என்ற கட்டளையால் விசைப்பலகையை மாற்றலாம். உடனே பலிக்கும், கணினியை அணைத்தால் மறைந்துவிடும். அல்லது, அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கலாம். வழங்கி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைப் படித்துக்கொள்ளும். நான் முதல் வழியோடு நின்றுவிட்டேன்.

ஓடும்போது மாற்றுவது தேவையற்றது என்று சொல்ல வரவில்லை. 2007-க்குப் பிறகு, படவீழ்த்தியை இணைத்தால் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளை போதும். வழங்கியை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. கோப்பில் எழுதுவதில் ஆபத்தும் உண்டு. அடுத்த விடுமுறையில் கோப்பின் கடைசி வரியை எழுத மறந்தேன், திரையே வரவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று திருத்தினேன். ஆகவே கட்டளையால் சோதித்துப் பார்த்து, பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அதன்பிறகு எழுதுவதே முறை.

ஆனால் எதை எங்கே வைப்பது? ஒருவரின் அன்றைய வசதியை ஓடும்போது மாற்றலாம். எல்லாருக்கும் உரியது தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். தமிழ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. “வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளட்டுமே” என்பார்கள். கட்டளை தெரியாத பிள்ளைக்கு, அங்கே தமிழ் இருப்பதே தெரியாதே!

நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார். 1999-இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. எக்ஸ் வழங்கியின் விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழுக்கு இடமிருக்கிறது. முன்னோடிகள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது நாம் எழுத வேண்டிய சில வரிகள். இன்று எக்ஸின் இடத்தை வேலண்ட் பிடித்து வருகிறது. மென்பொருள் மாறினாலும் இந்தக் கேள்வி மாறாது.

நண்பர்களே, அடுத்த முறை கணினிக் கூடத்துக்குச் செல்லும்போது பொறுப்பாளரிடம் கேளுங்கள்: ஆங்கிலத்தோடு தமிழையும் தொடக்க அமைப்பிலேயே சேர்க்க முடியுமா? ஆல்ட், ஷிஃப்ட் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்படி வைத்தால், யாருக்கும் இடையூறில்லை. நாம் பட்டம் பெற்றுப் போன பிறகு வரும் தம்பி தங்கைகள், தமிழ் எங்கே என்று தேட வேண்டியிராது.