ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவோம்

உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் உயிர்க்குறிகள் என்பர். நோயாளியின் அட்டையில் செவிலியர் வேளைதோறும் குறித்து வைப்பவை இவையே. இவற்றுள் நாடிக்கும் மூச்சுக்கும் கடிகாரத்தைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. ஆயினும் நால்வகைக் குறிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சுதான். அதைச் சரியாக எண்ணும் பழக்கத்தை உயர்நிலைப் பள்ளியிலேயே ஏற்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இது அளவீட்டைப் பற்றிய பேச்சு; ஆகவே என் வேலைதான்.

செய்முறை வகுப்பில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள். ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை நாம் நேரடியாக அளப்பதில்லை. 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து 20ஆல் வகுக்கிறோம். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிழை நேர்ந்தாலும், வகுத்தபின் அது 0.01 விநாடியாகச் சுருங்கிவிடுகிறது.

இனி, மூச்சை எண்ணும் வழக்கத்தைப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிவிடுவார்கள். ஊசலில் செய்ததற்கு இது நேர் எதிரானது! அங்கே பிழையை வகுத்தோம், இங்கே பெருக்குகிறோம். எண்ணிக்கையில் ஒன்று தவறினால் விடையில் நான்கு தவறும்.

நான்கு தவறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலிய மருத்துவர்கள் 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் தொற்றை எளிய அறிகுறிகளைக் கொண்டே கண்டறிய முடியுமா என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை 40 முறைக்கு மேலும் மூச்சு விடுவது நம்பத்தக்க அறிகுறி என்று அவர்கள் கண்டனர். பப்புவா நியூகினியிலும் இத்தகைய ஆய்வு அதற்குமுன் நடந்திருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லைகள் இவை: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் ஐந்து வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. எக்ஸ்ரே இல்லாத சிற்றூரிலும் நிமோனியாவைச் சந்தேகிக்க இந்த எண் போதும்.

எட்டு மாதக் குழந்தை ஒன்று நிமிடத்துக்கு 51 முறை மூச்சு விடுவதாகக் கொள்வோம். 15 விநாடியில் அது 12.75 ஆகும். முக்கால் மூச்சை எண்ண முடியாதே! எண்ணத் தொடங்கும் கணத்தைப் பொறுத்து 12 என்றும் வரலாம், 13 என்றும் வரலாம். நான்கால் பெருக்கினால் முதலாவது 48, இரண்டாவது 52. ஒன்று எல்லைக்குக் கீழே, மற்றது மேலே. "பயமில்லை, காலையில் பார்ப்போம்" என்பதற்கும் "உடனே புறப்படு" என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது.

கம்பம் பள்ளத்தாக்கில் இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கூடலூர், கம்பம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து காலையிலேயே ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் திரும்பும் வரை கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருக்கும்; பள்ளி விட்டபின் அண்ணன் அல்லது அக்காளின் பொறுப்பில் இருக்கும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. புறப்படுவதா, காத்திருப்பதா என்ற கேள்வி அந்த வீட்டில் உங்கள் முன்னால்தான் வந்து நிற்கும்.

எண்ணும் முறை எளிது. குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்க வேண்டும். சட்டையை விலக்கி வயிற்றையும் மார்பையும் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 60 விநாடி முடியும் வரை எண்ணுங்கள். குழந்தை இடையில் அசைந்து அழுதால் மீண்டும் தொடங்குங்கள். பெரியவர்களிடம் ஒரு தந்திரம் தேவை. "மூச்சை எண்ணுகிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில் அவர்களுடைய மூச்சு மாறிவிடும். அதனால்தான் தேர்ந்த செவிலியர் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே மூச்சை எண்ணுவார்.

எண்ணியதை நேரத்துடன் எழுதுங்கள். மாலை 6 மணிக்கு 38, இரவு 9 மணிக்கு 44, நள்ளிரவில் 52 என்ற மூன்று எண்கள் மருத்துவருக்குச் சொல்லும் செய்தியைத் தனியொரு 52 சொல்லாது. காய்ச்சலும் மூச்சை வேகப்படுத்தும். ஆகவே வெப்பநிலையையும் பக்கத்தில் குறியுங்கள். ஆனால் ஒன்று: மூச்சிழுக்கும்போது குழந்தையின் விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க இயலாமல் போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும், எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.

நெரிசலான வார்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கச் செவிலியருக்கு ஏது நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சீரான நாடியுள்ள பெரியவருக்கு அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதில் பெரும் தவறில்லை. ஆனால் எண்ணாமலேயே எல்லா அட்டைகளிலும் மூச்சு 20 என்று எழுதும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதை ஏற்க முடியாது. வெற்றிடமாக விட்டிருந்தால் அடுத்து வருபவராவது எண்ணிப் பார்ப்பார். கற்பனை எண் அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறது.

கருவிகள் வந்துவிட்டனவே என்பாரும் உண்டு. கருவிக்கும் முறை வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தால், அந்த உயர இரத்தத் தம்பத்தின் அழுத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 8 மி.மீ. பாதரச அளவு கூடுதலாகக் காட்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது பாட்டியின் கைக்கு ஒரு தலையணை வைத்துக் கொடுக்க நீங்கள் கற்றிருந்தால், உங்கள் இயற்பியல் பாடம் வீண்போகவில்லை.

ஒன்பதாம் வகுப்புச் செய்முறையில் ஊசலோடு மூச்சையும் சேர்ப்பதற்குப் பணம் தேவையில்லை. நண்பனின் மூச்சை 15 விநாடி வீதம் பத்து முறையும், முழு நிமிடம் வீதம் பத்து முறையும் எண்ணுங்கள். விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று வரைபடம் வரையுங்கள். பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே தொடங்கலாம்.