கலங்கல்

என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். லாகர் என்ற ஜாதி. வாரக்கணக்கில் குளிரில் போட்டு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைக் கலந்து, ஈஸ்ட் அடியில் படிந்தபின் மேலாக இறுத்துக்கொள்வாராம். அப்படியும் சில தடவை மங்கலாகவே நின்றுவிடுமாம். அந்தத் துக்கத்தை அரை மணி நேரம் சொன்னார். சைவக் குடும்பத்துப் பிள்ளை. கேக்கில் முட்டை உண்டா என்று விசாரிக்காமல் வாங்கமாட்டார்! மீன்பசை மட்டும் எப்படியோ சைவமாகிவிட்டது.

அதுவாவது அவர் பாடு. மறுநாள் பாளையங்கோட்டைச் சாலையோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தார், முகம் சுளித்தார். "கலங்கலாக இருக்கிறதே, கள்ளா?"

"இது பயினி, அண்ணாச்சி. கலயத்திலே சுண்ணாம்புல்லா தடவியிருக்கு" என்றார் விற்றவர்.

அந்தச் சுண்ணாம்புதான் விஷயம். அது இருக்கும்வரை பதநீர் புளிக்காது. சற்று அசைக்காமல் வைத்தால் தானே அடியில் இறங்கிவிடும். புளித்த கள்ளின் மங்கல் வேறு. அது ஈஸ்ட், நுரைக்கும், வாடை வீசும். மூக்கு உள்ளவனுக்கு இரண்டும் ஒன்றாகுமா? கண்ணை மட்டும் நம்புகிறவர்கள்தாம் இந்தக் கலங்கலைக் கண்டு ஓடி, கண்ணாடிபோல் மினுங்கும் புட்டியில் அடைத்த சாயத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பனையேறியின் பிழைப்பு இவர்களுடைய கண்ணில் போய்த் தொங்குகிறது!

சர்க்காரும் இந்த ரசனைக்காரர்தான் போலிருக்கிறது. கள்ளுக்கு 1987 முதல் தடை. தெளிந்த புட்டிச் சரக்குக்கோ 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடைக்காரர். நான் கள்ளுக்காக வக்காலத்து வாங்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒன்று குற்றமென்றால் மற்றது எப்படி வருமானமாயிற்று என்றுதான் கேட்கிறேன்.

தெளியவைக்கத் தெரியாத ஜனமா நாம்? தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று தனிப் பெயரே வைத்தவர்கள். தாமிரபரணியில் வெள்ளம் வந்து தண்ணீர் செம்மண்ணாக ஓடும்போது என் பாட்டி தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் மண் அடியில், தண்ணீர் மேலே. மீன்பசை செய்கிற அதே வேலை. ஆனால் பாட்டி ஒரு ராத்திரி பொறுத்திருந்தாள். மைத்துனருக்கு ஐந்து நிமிஷம் பொறுக்கவில்லை.

அவர் நீட்டிய பட்டையை நான் வாங்கிக்கொண்டேன். பேசிக்கொண்டே சற்று நின்றுவிட்டுக் குடித்தேன். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டு இன்னொன்று கேட்டேன்.