விபத்து சாரதியுடையது, நேரம் யாருடையது?

கரவனெல்ல சந்தியில் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் அரை மணிநேரம் நின்றால் போதும், வேலைக்காக வாகனம் ஓட்டுபவர்கள் எத்தனை வகை என்று தெரிந்துவிடும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் பக்கம் போகும் ஏ-7 வீதியும், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் ஏ-21 வீதியும் இங்கே சேருகின்றன. கொழுந்து லொறி, இறப்பர் பால் பவுசர், பிஸ்கட் விநியோக வான், கடன் தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலையும் இளைஞர்கள். இவர்களுக்கெல்லாம் வேலைத்தளம் வீதிதான்.

கொழுந்து லொறி சாரதி ஒருவரிடம் வளைவில் ஏன் இந்த வேகம் என்று கேட்டேன்.

“தம்பி, அடைச்ச கொழுந்து சூடாகிப்போனா பெக்டரியில தரத்தைக் குறைப்பாங்க. மேல நிறுக்கிறதுக்கு லேட்டானா, அந்த நேரத்தையும் நான்தான் ரோட்டுல பிடிக்கணும்.”

அவருக்குச் சம்பளம் ட்ரிப் கணக்கில். ஆக, வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய கால் மட்டுமில்லை. நிறுவை நேரமும், தொழிற்சாலை வாசலும், சம்பளக் கணக்கும் சேர்ந்தே அக்சிலரேட்டரை மிதிக்கின்றன. ஆனால் லொறி பள்ளத்தில் விழுந்தால் பொலிஸ் பதிவில் முதலில் ஏறுவது சாரதியின் பெயர்.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் பாய்ந்தது. இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இப்படியான விபத்துகளுக்குப் பிறகு சாரதி தூங்கினாரா என்று ஊரே கேட்கும். அந்த ஷிப்டைப் போட்டது யார், முந்தைய நாள் அவருக்கு ஓய்வு கிடைத்ததா என்று கேட்பவர்கள் குறைவு. அதிகாலை நான்கு மணித் தூக்கத்தை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. பெயரே சொல்வதுபோல் அதன் கண் தொழிற்சாலைக்குள்ளே இருக்கிறது. கேற்றைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம், அதாவது சாரதியும் பொலிஸும். பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் வேலைத்தளப் பாதுகாப்புச் சட்டம் வேலைக்காக வாகனம் ஓட்டுவதற்கும் பொருந்தும். வாகனத்தின் நிலை, பயண நேரம், சாரதியின் களைப்பு ஆகியவற்றுக்கு அங்கே முதலாளியும் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 திருத்தத்தின் பின் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் வந்துவிட்டது. நல்ல திருத்தம். ஆனால் அது விபத்துக்குப் பிந்திய கதை. அதைக் கேட்கவும் இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட வேண்டும். செக்ரோலில் பெயரில்லாத, நியமனக் கடிதமில்லாத, கொந்தராத்துக்காரரின் லொறியை ஓட்டுபவர் எதைக் காட்டுவார்?

செய்ய வேண்டியவற்றில் பல பெரிய செலவில்லாதவை. மலையில் நிறுவையை அரை மணிநேரம் முன்னுக்குக் கொண்டுவரலாம். அடைமழை நாளில் தாமதமான லொறிக்குத் தரம் குறைக்காமல் விடலாம். தவணை வாங்கும் பையனின் இலக்கை, இருட்டிய பிறகு அவன் தோட்டப் பாதையில் ஓட வேண்டியிராதபடி வைக்கலாம். வாகனக் குறைகளைச் சாரதி எழுதிக் கொடுக்கவும், அதைப் பெற்றவர் கையொப்பமிடவும் ஒரு கொப்பி வைக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

அன்று பேசிய சாரதியின் லொறியில் பின் டயர்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். மூன்று தடவை சொன்னாராம், வாயால்.