விராலுக்கு ராட் வாங்கப்போறீங்களா? விலையை விடுங்க, நுனியைப் பாருங்க!

விழுப்புரம் மாவட்டம் கெடாரிலிருந்து ஒரு வாசகி இந்த வாரம் கேட்டிருக்கும் கேள்வி இது: ‘காலேஜ் முடித்த என் மகன், யூடியூபில் பார்த்துவிட்டு ‘பாஸ் ராட்’ வாங்க 3,500 ரூபாய் கேட்கிறான். ரப்பர் புழுவை மாட்டி மீன் பிடிப்பார்களாம். மூங்கில் கழியில் அவன் தாத்தா பிடிக்காத மீனா? வாங்கித் தரலாமா?’

தாராளமாக வாங்கித் தரலாம்மா. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட வேண்டாம்.

முதலில் ஒன்று. பாஸ் என்பது அமெரிக்க ஏரி மீன். நம் ஏரியில் கிடையாது. அந்த மீனுக்காகத்தான் 1949-ல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மெத்தென்ற பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். அப்புறம் ஏன் நம் பையன்கள் அதைத் தேடுகிறார்கள்? விரால்தான் காரணம். ஆகாயத்தாமரைக்கு அடியிலும், காட்டாமணக்குப் புதரிலும் பதுங்கிக் கிடந்து, எதிரே போகும் இரையைச் சட்டென்று கவ்வுகிற குணம் இரண்டு மீனுக்கும் பொது. தெலங்கானாவில் மாநில மீன் என்ற அந்தஸ்தே விராலுக்குத்தான். நம்மூரில் குழம்பு அந்தஸ்து. அதற்கு மேல் என்ன வேண்டும்!

தாத்தாவின் மூங்கில் கழியில் முள் வெளியே தெரியும், அதில் உயிருள்ள மண்புழுவோ தவளையோ இருக்கும். மீனே தேடி வந்து விழுங்கிவிடும். பிளாஸ்டிக் புழுவில் கதை வேறு. செடி கொடிகளில் மாட்டாமல் இருக்க, முள்ளின் கூர் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்து வைப்பார்கள். விரால் கவ்வியதும் நாம் சுண்டி இழுக்கிற இழுப்பில், அந்த முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வர வேண்டும். பிறகு விராலின் கெட்டியான தாடையில் ஏற வேண்டும். மாட்டிய மீன் புதருக்குள் ஓடிச் சுற்றிக்கொள்வதற்குள் வெளியே இழுக்கவும் வேண்டும். இத்தனையும் ஒன்றிரண்டு விநாடிக்குள். வளைந்து தொங்குகிற ராடில் இந்த விசை முள்ளுக்குப் போய்ச் சேராது. புழு பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் விரால் துப்பிவிட்டுப் போய்விடும்.

அதனால் ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று பவர். வளைப்பதற்கு எவ்வளவு பலம் தேவை என்பது. இன்னொன்று ஆக்‌ஷன். எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தென்னை ஈர்க்கு மாதிரி அடிவரை வளைவது ஸ்லோ. நுனிப் பகுதி மட்டும் வளைந்து, அதற்குக் கீழே விறைப்பாக நிற்பது ஃபாஸ்ட். புழு போட்டு விரால் பிடிக்க மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். இதுதான் கேட்டு வாங்க வேண்டியது.

‘அப்போ இன்னும் விறைப்பா, ஹெவியாவே வாங்கிடலாமே’ என்று மகன் சொல்வான். வேண்டாம். பத்து, பதினைந்து கிராம் புழுவை அதில் தூரமாக வீச முடியாது. விரால் புழுவைத் தொடும்போது நரம்பு வழியாக வருகிற ‘டொக்’ என்ற சின்னத் தட்டலும் கைக்குத் தெரியாது. அந்தத் தட்டல் வந்ததும் ராடைச் சற்றுத் தாழ்த்தி, தொய்வை ரீலில் சுற்றிவிட்டு, அப்புறம் சுண்ட வேண்டும். பதற்றத்தில் உடனே இழுக்கிறவர்களுக்கு வெறும் புழுதான் மிஞ்சும்.

நீளம் ஆறரை அடியிலிருந்து ஏழு அடி. அதற்கு மேல் போனால், கரையில் நிற்கிற கருவேலமரத்தில்தான் முதல் மீன் மாட்டும். பைக்கில் கொண்டுபோக இரண்டு துண்டாகக் கழற்றுகிற ராட் போதும். குடை மாதிரி இழுத்து நீட்டுகிற மாடல் பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் அத்தனை இணைப்புகளில் தட்டலும் மங்கிப்போகும், பலமும் குறையும்.

கடைக்கு நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். நுனியை இன்னொருவர் மெதுவாகப் பிடித்திருக்க, நீங்கள் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். எங்கே வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும். நரம்பு ஓடும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுத் தேயுங்கள். பஞ்சு பிசிறினால் உள்ளே கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். ரீலை மாட்டிக் கையில் பிடித்தும் பார்க்க வேண்டும். முன்பக்கம் கனத்தால் அரைமணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

ரீல் விஷயத்தில் புதியவர்களுக்கு ஸ்பின்னிங் ரீலே நல்லது. பெட்டி மாதிரி இருக்கும் பெய்ட்காஸ்டர் ஸ்டைலாக இருக்கும்தான். பழகும்வரை நரம்புச் சிக்கெடுத்தே பொழுது போகும். நரம்பு, நீளாத பிரெய்டு வகையாக இருக்கட்டும். சாதாரண நைலான் நீண்டு கொடுத்து, சுண்டுகிற விசையைத் தின்றுவிடும். இருக்கிற 3,500 ரூபாயையும் ராடிலேயே கொட்டிவிட்டு மட்டமான முள்ளும் நரம்பும் வாங்குவதைவிட, மூன்றுக்கும் பிரித்துச் செலவு செய்வது புத்திசாலித்தனம்.

இனி ஏரிக்கரை. பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தில் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே செந்நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், சுலபமாக மாட்டும். அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரை. அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போகட்டும். கிழிந்த பிளாஸ்டிக் புழு மக்காது. தண்ணீரில் வீசாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

மகனிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டும்மா. இப்போது வரும் ராடுகளில் பெரும்பாலானவை கார்பன் இழையில் செய்தவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரை ஓரமாக மோட்டார் கொட்டகைக்குப் போகும் மின்கம்பி சில இடங்களில் தாழ்வாகத் தொங்கும். ஏழு அடி ராடைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு அதன் அடியில் நடக்கவும் கூடாது, வீசவும் கூடாது. ஃபைபர் கிளாஸ் ராடானாலும் ஈரமாக இருந்தால் நம்ப முடியாது. கம்பி இருக்கும் இடத்தில் ராடைக் கழற்றி, படுக்கைவாட்டில் எடுத்துப் போகட்டும். இடி இடித்தால், விரால் கடித்துக்கொண்டே இருந்தாலும் சரி, சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.