“இனிமே கிரிக்கெட் வேண்டாம்ப்பா!”

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, “இனிமே கிரிக்கெட் வேண்டாம்ப்பா, வாலிபால் ஆடப்போறேன்” என்கிறான். சென்னீர்குப்பம் மாதிரி புறநகரில், வீட்டுக்கடன் தவணைக்கு நடுவே பேட், பேடு, கோச்சிங் ஃபீஸ் என்று செலவழித்த குடும்பத்துக்கு இது அதிர்ச்சிதான். “நாலு வருஷமா கட்டின பணம் என்னடா ஆகுறது?” என்பார் அப்பா. “எதையாவது உருப்படியா முடிச்சிருக்கியா?” என்று அம்மாவும் சேர்ந்துகொள்வார்.

கோபம் நியாயமானதுதான். ஆனால், அந்தப் பணம் பேட்டுக்கு மட்டும் போகவில்லை. ஓடிப் பழகிய கால், பந்தைத் தொடரும் கண், விடிகாலையில் எழும் பழக்கம், தோற்ற மறுநாளும் மைதானத்துக்குப் போகும் மனசு... இதெல்லாம் எந்த விளையாட்டுக்குப் போனாலும் அவன் கூடவே வரும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு 5 வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளியில் அவர் ஆடியது வாலிபால். அவர் எம்பிக் குதிப்பதைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர், உயரம் தாண்டச் சொன்னார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

ஹரியானாவின் மனு பாக்கர் குத்துச்சண்டை, டென்னிஸ், ஸ்கேட்டிங் என்று பலவற்றை ஆடிவிட்டு, 14 வயதில் துப்பாக்கி சுடுதலுக்கு வந்தவர். ‘இதாவது நிலைக்குமா’ என்று யோசித்து நிற்காமல் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார் அப்பா. பாரிஸ் ஒலிம்பிக்கில் மகள் வென்றது இரண்டு வெண்கலப் பதக்கங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கப்போவதில்லை. ஆனால், வளரும் வயதில் மாறிப் பார்ப்பது குற்றமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2016-ம் ஆண்டு அறிக்கையும், ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது. பல விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகளுக்குக் காயமும் சலிப்பும் குறையும் என்பது அதற்குக் காரணம்.

பெற்றோர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். பிள்ளை புதியதைத் தேடிப் போகிறானா, பழையதிலிருந்து தப்பி ஓடுகிறானா?

நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் பதில் வராது. பைக்கில் போகும்போதோ, கடைக்கு நடக்கும்போதோ பேச்சுக்கொடுங்கள். “வாலிபால்ல என்ன பிடிச்சிருக்கு?” என்று கேட்டால் கண் மலர்கிறதா? அது ஆசை. “கிரிக்கெட்ல என்ன ஆச்சு?” என்றதும் பேச்சு நின்றுபோகிறதா? அங்கே ஏதோ இருக்கிறது. மறைத்துவைத்த தோள்வலியாக இருக்கலாம். டீமில் இடம் கிடைக்காத ஏமாற்றமாகவோ, எல்லார் முன்னாலும் விழுந்த திட்டாகவோ இருக்கலாம். வலியென்றால் டாக்டர், ஏமாற்றமென்றால் ஆறுதல். யாராவது அடித்தார்கள், தப்பாகத் தொட்டார்கள் என்று தெரிந்தால், விளையாட்டை மாற்றுவதோடு விடக் கூடாது. பிள்ளையை நம்புங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

உண்மையான ஆசைதான் என்றால், ஒரு தவணை பேசிக்கொள்ளலாம். ‘இந்த சீசன் மேட்ச்களை முடித்துக்கொடு, டீமை நடுவில் விடாதே. பிறகு மூன்று மாதம் வாலிபால்.’ அதுவரை புது ஷூ, புது அகாடமி எதுவும் வேண்டாம். பழைய கிட்டையும் விற்க வேண்டாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமே தொடங்கட்டும். பெரியமேடு நேரு ஸ்டேடியம் வெகுதூரம். எடுத்த எடுப்பில் தினமும் அவ்வளவு தூரம் அலைந்தால் ஆசையே வடிந்துவிடும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்கு வாலிபாலும் இருக்கிறது. அதை முதல் இலக்காக வைக்கலாம்.

மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியது, ஜெயித்தானா என்பதல்ல. யாரும் எழுப்பாமல் எழுந்து போகிறானா என்பதைத்தான்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் கூடுதல் யோசனை தேவை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அங்கே பேசுவது சான்றிதழ்தான். பழைய விளையாட்டில் மாநில அளவுச் சான்றிதழ் இருந்தால், விடுவதற்கு முன் அதன் மதிப்பைப் பிள்ளைக்குப் புரியவையுங்கள். புதியதில் அதே அளவு வர எத்தனை நாளாகும் என்று கோச்சிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். கணக்கு தெரிந்தபின் முடிவெடுத்தால், அது அவன் முடிவாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நாளைக்கு வாலிபாலில் தோற்று வரும்போது, “அப்பவே சொன்னேன்ல...” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும். அடுத்த தடவை மனசில் இருப்பதை அவன் உங்களிடம் சொல்ல வரமாட்டான்.