ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்ன?

சகதர்மிணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. "எடுத்துடறதுதான் நல்லது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். கிளம்புவதற்கு முன்னால் மாவு அரைத்து வைத்தாள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதே இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "ஏங்க, பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தி வெக்காதீங்க, பொங்கிடும்" என்றாள். தலையாட்டினேன். காலையில் மேடையெல்லாம் மாவு.

சமையலறை என்பது அதுவரை நான் தண்ணீர் குடிக்கப் போகிற இடம். இப்போது அலமாரியைத் திறந்தால் ஒரு பாட்டில்கூட உண்மை பேசவில்லை. ஹார்லிக்ஸ் என்று எழுதியதில் துவரம்பருப்பு. போர்ன்விட்டாவில் புளி. நெய் டப்பாவில் ரப்பர் பேண்ட், சில்லறை, காஸ் ரசீது. 'கடலை மாவு' என்று அவளே கைப்பட எழுதி ஒட்டிய டப்பாவையாவது நம்பலாம் என்று திறந்தேன். ரவை!

பருப்புக்கு நாலு விசில் என்று உத்தரவு. குக்கர் முன்னால் நானும் பையனும், லேட்டாக வரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். கால் மணி நேரம் ஆகியும் சத்தமில்லை. வெயிட் சிங்க்கில் கிடந்தது.

முதல் நாள் எல்லாம் போனில் நடந்தது. "கடுகா? ரெண்டாவது தட்டு, இடது பக்கம், ஹார்லிக்ஸுக்குப் பின்னாடி." வார்டில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கை விட்டால் கடுகு!

மறுநாள் ஆபரேஷன். வளையல், தாலிக்கொடி எல்லாம் கழற்றி ஒரு கவரில் போட்டு நர்ஸ் என்னிடம் கொடுத்தார். நல்லபடியாக முடிந்தது, கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், சாயங்காலம் வரை பார்க்க முடியாது என்றார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வீட்டுக்கு வந்தேன். ரசம் கொதிக்கிறது, பெருங்காயத்தைக் காணோம். பழக்க தோஷத்தில் அவள் நம்பரைப் போட்டேன்.

மேஜை மேல், தாலிக்கொடி இருந்த கவருக்குள்ளிருந்து மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். திரையில் 'அவர்' என்று வந்திருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பெருங்காயம் இல்லாட்டி பரவாயில்லப்பா" என்று மகள்தான் வந்து சாதம் போட்டாள்.

சாயங்காலம் பார்க்க விட்டார்கள். அரை மயக்கம். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"பசங்க சாப்பிட்டாங்களா?"

"ரசம் சாதம்."

"பெருங்காயம்?"

"கிடைக்கலை."

ரொம்ப நேரம் பதிலில்லை. தூங்கிவிட்டாள் என்று நகர்ந்தபோது மெதுவாக வந்தது: "காம்ப்ளான் டப்பா."

ரிப்போர்ட்டில் சாதாரணக் கட்டிதான் என்று வந்த அன்று, ஆஸ்பத்திரி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தண்ணீரோடு இருக்கும் குக்கரும் அதில் சேர்த்தியாம். ஆகவே பதவி நீட்டிப்பு! கிடைத்த அதிகாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டில்களையெல்லாம் கழுவி, வரிசைப்படுத்தி, உள்ளே இருப்பதையே வெளியிலும் எழுதி லேபிள் ஒட்டினேன். அகர வரிசை வேறு.

நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சமையலறைக்கு வந்தாள். ஐந்து நிமிஷம் அலமாரியையே பார்த்தாள்.

"ஏங்க, சீரகம் எங்கே?"